சர்க்கரை அருணாசலம்

செங்கம் ரோட்டில் ஒரு முதியோர் குடியிருப்பில் காபி, டிபன் கொடுப்பது என் வேலை. நான் சேர்ந்தபோது பதினைந்து பேர்தான். இப்போது எழுபது பேர்; அறை போதாமல் வராந்தாவிலும் கட்டில். எங்கள் ஊர்ச் சாமி பெயரே அருணாசலம், கேட்கவா வேண்டும்; அந்தப் பெயரில் மட்டுமே நாலு பேர். அடையாளத்துக்கு நானே பட்டப்பெயர் வைத்தேன். காபியில் நாலு ஸ்பூன் கேட்பவர் 'சர்க்கரை அருணாசலம்'.

ஒருநாள் காலையில், முந்தின நாள் சேர்ந்த நர்ஸ் கேட்டார்: "தம்பி, சர்க்கரை அருணாசலம் யாருப்பா?"

"தோ, ஜன்னலோரம் பேப்பர் படிக்கிறாரே, அவருதாங்கக்கா."

கைகாட்டிவிட்டுப் படி இறங்கினேன். பாதிப் படியில்தான் நர்ஸ் கையில் இன்சுலின் ஊசி இருந்தது உறைத்தது. சர்க்கரை நோய் இருப்பது வேறு அருணாசலத்துக்கு. இவருக்கு நோயே இல்லை, இன்னும் டிபன்கூடச் சாப்பிடவில்லை.

தட்டைப் படியிலேயே வைத்துவிட்டு ஓடினேன். வராந்தாவை அடைத்திருந்த இரண்டு கட்டில்களைத் தாண்டிக் குதித்தேன். ஊசி கையைத் தொடப் போகிறது.

"அக்கா, போடாதீங்க. இவரு சர்க்கரை சாப்பிடறவரு, சர்க்கரை இருக்கறவரு இல்ல."

நர்ஸ் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பெரியவர் சட்டைக் கையை இறக்கிவிட்டபடி, "சத்து ஊசின்னு நெனச்சேன்டா. இனிமே என்ன பேரு வைக்கப் போற?" என்றார்.

பட்டப்பெயர் அன்றோடு சரி. எட்டாவதோடு நின்ற என் கையெழுத்தில், எல்லாக் கட்டிலிலும் அவரவர் பெயரையும் அப்பா பெயரையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். "முனுசாமி மகன் அருணாசலம்" என்று கூப்பிட்டுத்தான் காபி கொடுக்கிறேன். அவரும் "உள்ளேன் ஐயா" என்கிறார்.