மிச்சம் பிடித்த இருபத்தைந்து நிமிஷம்: ஏரோ சைக்கிளில் ஹட்டன் – நானுஓயா

ஏரோ பிரேம் சைக்கிள் வாங்கலாமா என்று கேட்டு மாதத்துக்கு நாலு பேராவது எனக்கு எழுதுகிறார்கள். காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்காகத் தட்டையான குழாய்கள் வைத்துச் செய்த சைக்கிள். தினமும் வேலைக்கும் கடைக்கும் போகிறவருக்கு அது பிரயோசனப்படுமா என்பது கேள்வி. நான் ஒரே ஒரு நாள் அப்படி ஒரு சைக்கிளில் ஹட்டனிலிருந்து நானுஓயாவுக்குப் போய்த் திரும்பியிருக்கிறேன். எண்பத்திரண்டாம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை. அந்தப் பயணத்தைச் சொன்னாலே பதில் கிடைத்துவிடும். இத்தனை வருஷம் அதை எழுதாமல் இருந்ததற்குக் காரணம் சோம்பல் இல்லை.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. ஹட்டனில் ஒரு சைக்கிள் கடையில் ரிப்பேர் வேலை. நோட்டன் பிரிட்ஜ் பக்கம் மின்நிலைய வேலைக்கு வந்திருந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் தன் பந்தயச் சைக்கிளை எங்கள் கடையில் கொண்டுவந்து போட்டார். பின் டயர் கிழிந்திருந்தது, கியர் வயர் அறுந்து தொங்கியது. ஊருக்குப் போய் ஆறு மாதத்தில் வருவேன், சரிசெய்து ஓட்டிக்கொண்டிரு என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவரை நான் பார்த்த சைக்கிள் குழாயெல்லாம் உருண்டை. இது முன்னால் மழுங்கி, பின்னால் ஒடுங்கி, மீன் மாதிரி இருந்தது. மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, டைனமோ இல்லை. ஒரு கையால் தூக்கலாம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நானுஓயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு, கடையின் பழைய கேரியர் சைக்கிளில் அக்காவைப் பார்க்கப் போவேன். அக்கா இருந்த லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், அடுத்த காம்பராவில் புஷ்பம் இருந்தாள். தாய்மார் கொழுந்து எடுக்க மலைக்குப் போகும் நேரத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் அவளுக்கு வேலை. பூசை முடிந்து கோயிலிலிருந்து லயத்துக்கு நடக்கிற தூரம்தான் எங்களுக்குப் பேச்சு. ஒன்றரை வருஷம் அப்படிப் பேசினோம். இரண்டு பேருக்கும் விஷயம் தெரியும், வாய்விட்டுச் சொன்னது மட்டும் இல்லை.

இதற்கிடையில், தோட்டத் தொழிலாளரைத் திருப்பி அனுப்ப இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி, அவள் குடும்பத்துக்கு இந்தியா போக உத்தரவு வந்துவிட்டது. அக்கா உடனே கடிதம் போட்டாள். புஷ்பத்துக்கு இங்கே மாப்பிள்ளை நிச்சயமானால் அவள் பெயரைப் பயணத் தாளில் எழுதாமல் விடலாம், நீ சீக்கிரம் வந்து அவள் அப்பாவிடம் பேசு என்று எழுதியிருந்தாள். எனக்கு இங்கே பிரஜாவுரிமை இருந்தது. அன்றைக்கே கிளம்பியிருக்க வேண்டும்.

கிளம்பவில்லை. பெண் கேட்கப் போகிறவன் கிரீஸ் படிந்த கடைச் சைக்கிளில் போவதா என்று நினைத்தேன். அந்த மீன் சைக்கிளில் போய் லயத்து வாசலில் இறங்க வேண்டும், புஷ்பத்தின் அப்பா அதைப் பார்க்க வேண்டும். ஆனால் அதன் டயர் ரிம்மில் பசை போட்டு ஒட்டுகிற வகை, கொழும்பிலிருந்து வர வேண்டும். இதோ வரும், அதோ வரும் என்று மூன்று வாரம் ஓடியது. அந்த மாதத்து ஞாயிற்றுப் பயணத்தையும் தள்ளிப்போட்டேன். டயர் வந்து ஒட்டி முடித்த வியாழக்கிழமை மாலை அக்காவின் இரண்டாவது கடிதம் கிடைத்தது. சனிக்கிழமை ரயிலில் அவர்கள் போகிறார்கள் என்று இருந்தது.

முதலாளி வெள்ளிக்கிழமை லீவு தரவில்லை. சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு ஹட்டனில் சைக்கிள் ஏறினேன். கொட்டகலை ஆறு கிலோமீட்டர், ஐந்து ஐம்பதுக்குத் தாண்டினேன். தலவாக்கலை பதினெட்டாவது கிலோமீட்டர், ஆறு இருபத்தைந்து. இறக்கத்தில் அந்தச் சைக்கிள் மிதிக்காமலே பறந்தது. காதில் காற்று இரைந்தது, அடியில் சத்தமே இல்லை. தலவாக்கலையில் ஒரு பிளேன்டீ குடித்தேன், ஒரு ரூபாய். கடைக்காரர் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்து, “மஹத்தயா, மேக்கே படு தியன்னே கொஹேத?” என்று கேட்டார். சாமானை எங்கே வைப்பது என்று சிங்களத்தில் கேட்கிறார். நான் சிரித்துவிட்டு ஏறிப் போனேன்.

லிந்துலை தாண்டியதும் ஏற்றம். வாங்க நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். செங்குத்தான இடங்களில் நாம் போவது மணிக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர். அந்த வேகத்தில் கிழிப்பதற்குக் காற்று ஏது? அங்கே எனக்கு உதவியது கியரும் சைக்கிளின் எடைக் குறைவும்தான். தோட்டத்து லயத்தில் நான் இறங்கியபோது எட்டு ஐந்து. பழைய சைக்கிளில் மூன்று மணி நேரம் எடுக்கிற தூரம். ஆகமொத்தம் இருபத்தைந்து நிமிஷம் மிச்சம் பிடித்திருந்தேன். அதில் தட்டைக் குழாயின் பங்கு இரண்டு நிமிஷம் இருந்தால் அதிகம்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு குடும்பம் இந்தியாவுக்குப் புறப்பட்டால் லயத்துச் சனம் வெறுங்கையோடு வழியனுப்பாது. ஆளுக்கொரு சாமானைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை நடப்பார்கள். சைக்கிளோடு வருகிறவன் பெட்டி ஏற்ற வந்தவன் என்று அர்த்தம். நான் வாசலில் இறங்கியதும் புஷ்பத்தின் அப்பா முகம் மலர்ந்து, ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னால் பார்த்தார், முன்னால் பார்த்தார்.

“ஏந்தம்பி, இதுல பெட்டிய எங்க வைக்கிறது?”

“கயிறு போட்டுக் கட்டிப் பாப்போம் மாமா.”

கட்டினோம். ஒடுங்கிய குழாயில் கயிறு நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு இறங்கியது. இரண்டாம் முறை பெட்டி சரிந்து மண்ணில் விழுந்தது. சுற்றி நின்றவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. கடைசியில் பெட்டியை நான் தலையில் வைத்துக்கொண்டேன். சைக்கிளைப் புஷ்பம் தள்ளிக்கொண்டு வந்தாள்.

ஸ்டேஷனுக்கு நாலு கிலோமீட்டர் இறக்கம். எனக்கு முன்னால் அவள் அப்பா, பின்னால் அவள், சுற்றிலும் லயத்து ஆட்கள். கேட்க வந்ததைக் கேட்க முடியாமல் நடந்தேன். பெட்டி கனத்தது என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அத்தனை பேர் நடுவில் எனக்குத் தைரியம் வரவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் அவளே கேட்டாள். “இது ஏங்க இப்பிடி தட்டையா இருக்கு?”

“காத்து தடுக்காம போறதுக்கு.”

“அவ்வளவு அவசரமா எங்கங்க போறீங்க?”

அவள் அப்பா திரும்பிப் பார்க்காமலே சொன்னார். “தம்பி, ஒங்க அக்கா சொல்லிச்சு, நீங்க வருவீங்கன்னு. பத்து நாளு தாள கையிலயே வச்சிருந்தேன். ஆபீஸ் கிளாக்கரய்யா மூணு வாட்டி ஆள் அனுப்பிட்டாரு. அப்புறம் புள்ள பேரையும் எழுதிக் குடுத்துட்டேன்.” கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது மறுத்துப் பேசியிருப்பேன். மழை எப்போது பெய்தது என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

ரயில் பதினொன்றே காலுக்கு எடுத்தது. பிளாட்பாரத்தில் ஒரே அழுகை. நான் பெட்டியை ஏற்றிக் கொடுத்தேன், புஷ்பம் சைக்கிளை என் கையில் கொடுத்தாள். அவ்வளவுதான் நடந்தது. ரயில் வளைவில் மறைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்த ரயில் ஹட்டனில் நிற்கும்.

திரும்பும் பயணம் முப்பத்தெட்டு கிலோமீட்டர். பதினொன்று பதினேழுக்கு ஏறினேன். இந்த ஒரு மணி நேரத்தில்தான் ஏரோ பிரேம் எதற்காகச் செய்யப்பட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஹேண்டிலில் தாடை படும்படி குனிந்தேன். வளைவுகளில் பிரேக் பிடிக்க மனசு வரவில்லை. லிந்துலைக்குக் கீழே ஒரு கொழுந்து லொறிக்கும் மதிலுக்கும் நடுவில் நுழைந்து வந்தேன், தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். தலவாக்கலையைப் பதினொன்று நாற்பத்தெட்டுக்குத் தாண்டினேன். சென்கிளேயர் அருவி தெரிகிற வளைவில் பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்கம் ரயில் ஊர்ந்து வருவது தெரிந்தது. எனக்குக் கொஞ்சம் பின்னால்தான் வந்தது. அதற்குப் பிறகு தொடை வலித்ததா, மூச்சு வாங்கியதா, ஒன்றும் ஞாபகம் இல்லை. ஹட்டன் ஸ்டேஷனுக்குள் சைக்கிளோடு நுழைந்தபோது மணி பன்னிரண்டு இருபத்தேழு. எட்டு நிமிஷம் கழித்து ரயில் வந்தது.

மூன்றாவது பெட்டியில் ஜன்னலோரம் இருந்தாள். என்னைப் பார்த்து எழுந்தேவிட்டாள். இந்த முறை நான் யாரையும் பார்க்கவில்லை.

“புஷ்பம், எறங்கிரு. நான் கட்டிக்கிறேன். அப்பாகிட்ட இப்பவே சொல்றேன்.”

பக்கத்தில் இருந்த அவள் அப்பாவுக்கு அது கேட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “எறங்கினா எங்கங்க நிக்கிறது? இங்க எந்தத் தாள்லயும் எம்பேரு இல்லீங்களே.”

“நான் பாத்துக்கிறேன். எங்கயாவது போயிக் கேப்போம்.”

“யாரப் போயிக் கேப்பீங்க?” என்றாள். அவள் என் சட்டை வேர்வையில் ஒட்டியிருப்பதைப் பார்த்தாள், சைக்கிளைப் பார்த்தாள். “இம்புட்டு வேகமா யாருங்க வரச் சொன்னா? மெதுவாவே வந்திருக்கலாம். அந்த பத்து நாள்ல என்னைக்காச்சும் வந்திருந்தா போதும்.”

ரயில் நகர்ந்தது. பிளாட்பாரம் முடிகிற இடம் வரைக்கும் நடந்தேன். ஓடவில்லை. ஓடி என்ன ஆகப்போகிறது?

பிறகு புஷ்பம் வீட்டிலிருந்து அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது, நீலகிரிப் பக்கம் தேயிலை வேலைக்கே போய்விட்டார்கள் என்று. நாலு வரி. அடுத்த கடிதம் வரவில்லை. நான் காவி கட்டவில்லை. கல்யாணம் செய்தேன், பிள்ளைகள் இருக்கிறார்கள், என் மனைவிக்கு இந்தக் கதை தெரியும். இருந்தாலும் புஷ்பத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை போகவில்லை. வயசானால் போய்விடும் என்றார்கள். எனக்குப் போகவில்லை, கூடியிருக்கிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். தினசரி ஓட்டுகிறவருக்கு ஏரோ பிரேம் வேண்டாம். சமதரையில் நல்ல வேகத்தில், ஒரேயடியாக ஒரு மணி நேரம் மிதிப்பவருக்கு அதில் பலன் உண்டு. மலைநாட்டில் பாதித் தூரம் ஏறுகிறோம், மீதித் தூரம் பிரேக் பிடிக்கிறோம். அதைவிட நல்ல கியருக்கும் நல்ல பிரேக்குக்கும் செலவு செய்யுங்கள். கேரியர் பூட்ட வழியில்லாத சைக்கிளை வாங்கவே வாங்காதீர்கள், யார் கையில் எந்தப் பெட்டி இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. ஹட்டன் – நானுஓயா பாதையில் போவதென்றால் காலை ஆறுக்கு முன் கிளம்புங்கள், நண்பகல் தாண்டினால் லிந்துலையில் மழை பிடிக்கும். தலவாக்கலையில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். ஈர ரிம்மில் பிரேக் பிடிக்காது என்பதை மறக்காதீர்கள். முதல் தடவை போகிறவர்கள் போக மூன்று மணி, வர இரண்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிலர் கேட்பார்கள், அவ்வளவு அவசரமென்றால் பஸ்ஸில் போயிருக்கலாமே என்று. போயிருக்கலாம். அந்த மூன்று வாரமும் தினமும் காலையில் எங்கள் கடைக்கு முன்னால்தான் நானுஓயா பஸ் நின்று ஆள் ஏற்றியது. நான் டயர் வரவில்லையே என்று உள்ளே உட்கார்ந்திருந்தேன்.