அக்காவின் கக்கூசும் அடி தெரியாத கல்லும்

ணங்.

என் வீட்டுக்குப் பின்னால் உள்ள வளவில் யாரோ குழி வெட்டுகிறார்கள். மண்ணுக்குள் இறங்குகிறவரைக்கும் இரும்பு அலவாங்கு வாய் திறப்பதில்லை. சொத், சொத் என்று பழஞ்சோறு பிசைகிற மாதிரி ஓர் ஈரச் சத்தம். பிறகு திடீரென்று ணங். இரும்பும் கல்லும் நெற்றியோடு நெற்றி முட்டிக்கொள்கிற சத்தம். கேட்டால் மற்றவர்களுக்குப் பல்லுக் கூசும். எனக்கு அக்காவின் முழங்கால் ஞாபகத்துக்கு வரும்.

அக்கா ஓமந்தையிலிருந்து உள்ளே போகிற ஓர் ஊரில், குளத்துக்குக் கிட்ட இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். அத்தான் வயல் செய்கிறார். நல்ல வீடு. காற்று வரும், கிணறு வற்றாது. ஒரே குறை, கக்கூஸ் வளவின் கடைசி மூலையில் இருந்தது. கட்டின காலத்தில் மணம் வரக்கூடாது என்று அவ்வளவு தூரத்தில் வைத்தார்கள். இளம் முழங்கால்களுக்கு அது தூரமில்லை. அக்காவின் முழங்கால்கள் தேய்ந்தபிறகோ, மாமரத்தைத் தாண்டி, வாழைகளைத் தாண்டி, கோழிக்கூட்டைத் தாண்டிப் போகிற அந்தப் பாதை கதிர்காமத்துக்கு நடந்து போகிற யாத்திரை மாதிரி ஆகிவிட்டது. மழை நாளில் அத்தான் குடையோடு பின்னால் போவார். வெளியில் நின்றுகொண்டு, "முடிஞ்சுதோ?" என்று கேட்பார். சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்பார். முழங்கால் நோவைக்கூடப் பொறுக்கலாம், அந்தக் கேள்வியைப் பொறுக்க ஏலாது என்று அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் வீட்டோடு ஒரு கக்கூஸ், அதற்குள் யாரும் கேள்வி கேட்காத கொஞ்ச நேரம்.

வடக்கில் கிணறு. கிழக்கில் வாசல். தெற்கில் மாமரத்து வேர். மிஞ்சியது மேற்கு, சமைக்கிற குசினிக்குப் பக்கம். அத்தானே அலவாங்கைத் தூக்கினார். முழங்கையளவு இறங்கியிருக்க மாட்டார். ணங்.

மண்ணை வழித்துப் பார்த்தால், படுத்திருக்கிற எருமையின் முதுகு மாதிரி ஒரு கருங்கல். நாலு பக்கமும் தட்டிப் பார்த்தார். அறுவடை முடிந்து மண் தோண்டுகிற பெக்கோ மெசின் ஊருக்குள் வரும்போது அதை விட்டுக் கிளறலாம் என்று முடிவெடுத்தார். அதுவரை சரி. அடுத்ததாகச் செய்ததில்தான் பிழை வந்தது.

அந்த மேற்குப் பக்கத்தால் ஊர்ச்சனத்துக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. குளத்துக்குப் போகிறவர்கள், காட்டோரம் விறகுக்குப் போகிறவர்கள், காணாமற்போன மாட்டைத் தேடுகிறவர்கள் எல்லோரும் அதால்தான் நடப்பார்கள். வேலிக்கு முன்னமே பிறந்த பாதை, யாரும் மறிப்பதில்லை. ஆராவது குழிக்குள் காலை வைத்து விழுந்துவிடுவார்களோ என்று அத்தான் பயந்தார். பூவரசில் ஒரு கொப்பை முறித்து, இலையும் குழையுமாகக் கல்லடியில் குத்திவிட்டுச் சாப்பிடப் போனார்.

வேறு ஊரில் என்றால் அது வெறும் அடையாளம். வன்னியில் ஒரு கல்லடியில் பச்சைக் குழை நின்றால் அதற்குப் பொருள் வேறு. காட்டுக்குள் கால் வைக்குமுன் வழியில் உள்ள கல்லடியிலோ மரத்தடியிலோ ஒரு குழையை முறித்து வைத்து, பார்த்துக்கொள் என்று மனதுக்குள் சொல்லிவிட்டுப் போவது இங்கே வழக்கம். முதல் குழையை வைத்தது ஆர் என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. எருமை தேடி வந்தவர் ஒன்று வைத்தார். விறகுக்குப் போன பெண்கள் ஆளுக்கொன்று வைத்தார்கள். திரும்பி வருகையில் எருமையும் கிடைத்திருந்தது. அதற்குப் பிறகு சொல்ல வேண்டுமா.

"தம்பி, கக்கூசுக்கு வெட்டின கிடங்குக்குள்ள பிள்ளையார் வந்திட்டார். உடன வா," என்று அக்கா தொலைபேசியில் சொன்னாள்.

நான் ஊர் ஊராய்ப் போய் எழுதுகிறவன், எனக்குக் கால் ஒரு இடத்தில் தரிக்காது. போவதற்கு ஒரு காரணம் கிடைத்தால் போதும். இப்படியொரு காரணம் எல்லோருக்கும் கிடைக்காது. மோட்டார்சைக்கிளை எடுத்தேன்.

நான் போய்ச் சேரும்போது குழைகள் குவியலாகிக் கிடந்தன. மேலே ஓர் ஆடு ஏறி நின்று நேர்த்திகளை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. அக்கா பிளாஸ்ரிக் கதிரையைக் குழியோரம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பழைய பிரம்பு மட்டும்தான் இல்லை. எதிரே அடுத்த வளவு மாமி, பால் கொண்டுவந்தவர், வெறும் செம்போடு நின்றார். பாடம் நடந்துகொண்டிருந்தது.

கல்லின் குறுக்கே மூன்று வெள்ளைக் கோடுகள். மாமிக்கு அது திருநீறு. அக்காவுக்கு அது வெண்படிகம். அவள் நாங்கள் நினைத்துப் பார்க்க முடியாத ஆழத்துக்கு மாமியைக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே பூமி ஒரு பெரிய அடுப்பு. மேலே மலைகள் ஏறி அழுத்த, கீழே கல் வெந்து, மாவாய்க் குழைந்து, வெள்ளை ஒரு பக்கமும் கறுப்பு ஒரு பக்கமுமாகப் பிரிந்து, பட்டை பட்டையாக மடிந்தது. முதலில் இருந்த கல் வேறு, இப்போது இருக்கிற கல் வேறு. ஆகையால் இதற்கு உருமாறிய பாறை என்று பெயர். பிறகு கோடிக்கணக்கான வருடங்கள் பெய்த மழையும் எரித்த வெயிலும் மேலே இருந்த மலைகளைக் கரைத்துக் கடலுக்கு அனுப்ப, அடியில் கிடந்தது வெளிச்சத்துக்கு வந்தது.

மாமி கையை நாடியில் வைத்து முழுதும் கேட்டார். என் அக்காவுக்கு அவ்வளவு கவனமான மாணவி வகுப்பில் கிடைத்திருக்க மாட்டாள்.

"அப்ப ரீச்சர், உவ்வளவு காலம் நெருப்புக்குள்ள தவமிருந்திட்டு எல்லோ வந்திருக்கிறார்," என்றார் மாமி. செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

அன்றிலிருந்து அக்கா எடுத்த ஒவ்வொரு பாடமும் கல்லுக்குப் பதவி உயர்வாகவே முடிந்தது. கறுப்புக்குள் மினுங்குவது காக்காய்ப்பொன் என்றாள். கண் திறந்துவிட்டார் என்றார்கள். மாதுளை முத்து மாதிரிச் சிவந்திருந்த புள்ளிகள் அழுத்தத்தில் பிறக்கிற ஒரு கனிமம் என்றாள், குங்குமம் என்றார்கள். வெயிலில் விரிந்து, குளிரில் சுருங்கி, மேல்தோல் வெங்காயம் மாதிரி உரியும், அதற்கு வானிலையாலழிதல் என்று பெயர் என்றாள். பட்டு மாற்றுகிறார் என்றார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. குந்தியிருந்து கல்லைத் தொட்டுப் பார்த்து, எவ்வளவு தூரத்திலிருந்து வெயில் பார்க்க வந்திருக்கிறது என்று எனக்குள் சொல்கிற மாதிரிச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். பின்னேரம் கடையடியில், எழுதுகிற மனிசன் தொட்ட உடனே அருள் வந்து கதைச்சவராம் என்று எனக்கே வந்து சொன்னார்கள்.

நடுவில் ஒரு மழை பெய்து குழியோர மண்ணைக் கழுவிக்கொண்டு போனது. காலையில் பார்த்தால் கல் இன்னும் கொஞ்சம் வெளியே தெரிந்தது.

"வளருறார், ரீச்சர்."

அக்கா கதிரையின் இரண்டு கைகளையும் ஊன்றி எழும்பினாள். "வளருறது என்ர முழங்கால் எலும்பு, மாமி. டொக்டர் படம் பிடிச்சுக் காட்டினவர். அதுக்கு ஒருத்தரும் குழை வைக்கேல்லை."

மாமி இதைப் பகிடியாக எடுக்கவில்லை. அடுத்த நாள் பால்செம்போடு ஒரு சின்ன வேப்பங்குழையும் வந்தது. கதிரையில் இருந்த அக்காவின் முழங்காலடியில் அதைச் சாத்திவிட்டுப் போனார்.

அத்தானின் நிலைமை இன்னும் மோசம். உண்மையை அவர் மறைக்கவில்லை. அது நான் அடையாளத்துக்குக் குத்தின கொப்பு என்று வந்தவர்களுக்கெல்லாம் விளக்கினார். எருமை தேடி வந்தவர் அவரை இரக்கத்தோடு பார்த்து, "உங்களைக் குத்தச் சொன்னது ஆர், அண்ணை?" என்று கேட்டார். அந்தக் கேள்வி அத்தானின் மண்டைக்குள் போய்ச் சம்மணம் கட்டி உட்கார்ந்துவிட்டது. மறுநாள் அவர் முகம் வழித்து, தோய்த்த வேட்டி கட்டி, குழியைச் சுற்றிக் கூட்டிக்கொண்டிருந்ததை நான் கண்டேன். கேட்டதற்கு, குப்பையாய்க் கிடந்தது என்றார். ஒரு கக்கூஸ் கட்டித் தரச் சொன்னால் மனிசன் கோயில் கட்டப் போகிறார் என்று அக்கா குசினிக்குள் சட்டிகளோடு சண்டை பிடித்தாள். அன்றும் மழை. அன்றும் குடை. அன்றும் வாழைகளுக்கு அப்பால் "முடிஞ்சுதோ?" கேட்டது.

அதற்குப் பிறகு அக்கா படிப்பிப்பதை நிறுத்தினாள். வேறு வழியால் வந்தாள். குசினித் தண்ணி ஓடுகிற இடத்தில், கோழி கிளறுகிற இடத்தில் அவரை இருத்துவது மரியாதையோ என்று மாமியைக் கேட்டாள். குளக்கட்டில் மருதமரத்தடி எவ்வளவு காற்று, எவ்வளவு நிழல். மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நாளும் இது தோன்றவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஊரே மண்வெட்டியோடு வந்து நின்றது. உழவு மெசினும் சங்கிலியும் வந்தன. அக்கா எல்லோருக்கும் பிளேன்ரீ ஊற்றினாள். அவள் அவ்வளவு சந்தோசமாக ரீ ஊற்றி நான் பார்த்ததில்லை.

வெட்டினார்கள். கல்லின் ஓரத்தைக் காணவில்லை. இன்னும் அகலமாக வெட்டினார்கள். குழி குசினிச் சுவருக்குக் கிட்ட வந்தது. மறுபக்கம் மாமியின் வேலிக்குக் கீழே போனது. கல் சரிந்து இறங்கியது, மறுபடி எழும்பியது, மூன்று வெள்ளைக் கோடுகளும் எங்கேயும் முடியாமல் மண்ணுக்குள் ஓடின. சங்கிலியைக் கொழுவ ஒரு முனை கிடைக்கவில்லை. மத்தியானத்தோடு வெட்டுகிறவர்களின் கை மெதுவானது.

"அடி காணேலாது," என்று எருமைக்காரர் மெல்லச் சொன்னார்.

ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்தார். மற்றவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். அடியும் முடியும் தேடின கதை இங்கே எல்லோருக்கும் தெரியும்; அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்காவின் கக்கூஸ் குழி இப்போது ஒரு சின்னக் குளமளவு பெரிதாகி, முழுக்க முழுக்கப் புனிதமாகக் கிடந்தது. நான் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் ஆட்டைப் பார்த்தேன்.

அக்கா பொல்லை ஊன்றிக் குழியின் விளிம்புக்கு வந்தாள். வகுப்பில் பின்வாங்குப் பிள்ளைகளுக்கும் கேட்கிற அந்தக் குரலில், உங்கட கிணறு வெட்டேக்க கல்லு வந்ததோ என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். எருமைக்காரர் வீட்டில் வந்தது. கடைக்காரர் வீட்டில் வந்து வெடி வைத்தார்கள். மாமி வீட்டிலும் வந்தது.

"எல்லாம் இவர்தான். இது வந்த கல்லு இல்லை, நாங்கள்தான் இவற்ற முதுகில வந்து குடியிருக்கிறம். என்ர குசினிக்குக் கீழ இவர். உங்கட மாட்டுக்கொட்டிலுக்குக் கீழ இவர்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "உங்கட கக்கூசுக்குக் கீழயும் இவர்தான், மாமி."

ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் வளவின் மூலையை நினைத்தார்கள். அது முகத்தில் தெரிந்தது. கடைக்காரர் ஒரு காலைத் தூக்கி, யாரையோ மிதித்துவிட்டவர் மாதிரி, பார்த்துப் பார்த்து வேறிடத்தில் வைத்தார். காலம் காலமாக, விடியப்புறம் விடியப்புறம், ஊரே சேர்ந்து செய்தது இப்போது எல்லோருடைய கணக்கிலும் ஏறியது.

மாமி தன் வளவின் மூலையைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப அவர் இவ்வளவு காலமும் ஒண்டும் சொல்லேல்லை."

"சொல்லேல்லை," என்றாள் அக்கா.

"அப்ப இனியும் சொல்லமாட்டார்." மாமி முந்தானையைச் செருகிக்கொண்டு ஆம்பிளைகள் பக்கம் திரும்பினார். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? ரீச்சருக்குக் கக்கூசைக் கட்டுங்கோ. வாசல் மட்டும் அவரைப் பாக்கக்கூடாது."

கல்லுக்குள் குழி இறக்க முடியாது. ஆகவே எல்லாவற்றையும் நிலத்துக்கு மேலே உயர்த்திக் கட்டினார்கள். உயர்த்தினால் படி வேண்டும். படி என்றால் முழங்கால். ஆகவே படி இல்லாமல் சரிவாக ஒரு பாதை போட்டார்கள். அதற்கு வேண்டிய மண் முழுவதும் அந்த ஞாயிற்றுக்கிழமை வெட்டிக் குவித்த மண்தான். பக்தர்களே சுமந்தார்கள். அந்த மண்ணும் ஒருகாலத்தில் இதே கல்தான் என்று அக்கா எனக்கு மட்டும் சொன்னாள். கல்லில் இளகினது களிமண்ணாகும், இளகாத வெண்படிகம் மணலாகும், மினுங்குவது மினுங்கிக்கொண்டே போகும். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தேன். மினுங்கியது. நான் மோட்டார்சைக்கிளில் அலைகிறேன். இது மழையில் அலைகிறது. எங்களுக்குள் வேகத்தில்தான் வித்தியாசம், அதுகூட இதற்குத்தான் நல்லது, பெற்றோல் தேவையில்லை.

எருமை முதுகளவு கல்லை மட்டும் மூடாமல் விட்டார்கள். குறுக்குவழியால் போகிறவர்கள் இப்போதும் குழை வைக்கிறார்கள். ஆடும் இப்போதும் வருகிறது.

கக்கூஸ் கட்டி முடிந்தபிறகு அடுத்த தடவை போனபோது, நான் திரும்ப வெளிக்கிடுகிற நேரம் அக்காவைக் காணவில்லை. சரிவுப் பாதையின் அடியில் அத்தான் நின்றார். வானத்தில் ஒரு முகில் இல்லை, கையில் குடை இருந்தது. வாயைத் திறந்தார். மாமி வேலிக்கு மேலால் ஒரு பார்வை பார்த்தார். அத்தான் வாயை மூடிக்கொண்டார்.

மோட்டார்சைக்கிளை உருட்டிக்கொண்டு கல்லடியால் போகையில் என் கை தன்பாட்டில் ஒரு பூவரசங்குழையை முறித்து அங்கே வைத்தது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. "அக்கா, நான் வெளிக்கிடுறன்," என்று அந்தப் புதுச் சுவரைப் பார்த்துக் கூப்பிட்டேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "நீ போட்டு வா, தம்பி. நான் அவசரமில்லாம, ஆறுதலாத்தான் வருவன்."