தை மாதத்தில் காயும் வைக்கோல்: நாஞ்சில் நாட்டில் சைக்கிளில் இரண்டு நாள்

2014 பொங்கல் கழிந்த அடுத்த வாரம் நானும் என் மனைவி சுமதியும் சைக்கிள்களோடு மதுரையிலிருந்து நாகர்கோவில் போனோம். திட்டம் மூன்று நாள். வயல் ஊர்கள் வழியாக மலையடிவாரம், குலசேகரத்தில் ஒரு இரவு, பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துவிட்டு நாகர்கோவில் திரும்புவது. மொத்தம் தொண்ணூறு கிலோமீட்டர் வரும் என்று போட்டு வைத்திருந்தேன். கடைசியில் ஓட்டியது பதினோரு கிலோமீட்டர். ரப்பர் தோட்டப் படங்களை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும்.

யோசனை சுமதியுடையது. அவள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. பயம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ரகம். நான் ஒரு கல்லூரியில் நூலகர். ரயிலின் லக்கேஜ் வேனில் ஏற்றிய சைக்கிளின் பிரேக் கம்பி அறுந்திருக்குமோ, இறக்குவதற்குள் ரயில் கிளம்பிவிடுமோ என்று வழியெல்லாம் கவலைப்பட்டுக்கொண்டு வந்தேன். இரண்டும் நடக்கவில்லை. கவலைப்பட்டது எதுவும் நடக்காமல் போனால் வேறு ஏதோ காத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். இதைச் சொன்னதற்கு அவள் சிரித்தாள்.

திங்கள் மதியம் நாகர்கோவில். வடசேரியில் அறை, வாடகை 650 ரூபாய், சைக்கிள்களை மாடிப்படிக்கு அடியில் நிறுத்த விட்டார்கள். செவ்வாய் காலை 7.40க்குக் கிளம்பினோம். ஊர் நெரிசலைத் தாண்டியதும் புத்தேரிக் குளத்துக் காற்று முகத்தில் அடித்தது, எதிரே மலை, இரண்டு பக்கமும் பச்சை வயல். இந்த மாவட்டத்தில் சைக்கிள் ஓட்ட இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. ஆனால் கருங்கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் நிமிடத்துக்கு ஒன்றாய் வந்தன. ஒவ்வொன்றும் கடக்கும்போது கைப்பிடி நடுங்கியது. நான் பின்பார்வைக் கண்ணாடியிலேயே கண்ணை வைத்திருந்ததால் வயலைப் பார்த்ததாகவே நினைவில்லை.

ஒன்பதாவது கிலோமீட்டரில், இறச்சகுளம் தாண்டி, ஒரு கிளைச் சாலையில் தவறாகத் திரும்பினோம். ஊர்ப்பெயரை இங்கே எழுதவில்லை, காரணம் போகப்போகத் தெரியும். குறுகலான தார்ச்சாலை. வலது பக்கம் ஆறடிப் பள்ளத்தில் வாய்க்கால், இடது பக்கம் வயல். தாருக்கும் வாய்க்காலுக்கும் நடுவே ஒரு சாண் மண்கூட இல்லை. அங்கே, 8.35 மணிக்கு, வாய்க்கால் ஓரமாக நான்கடி அகலத்துக்கு வைக்கோல் விரித்திருந்தது. விளிம்பில் வரிசையாகக் கற்கள். நெல்லோ வைக்கோலோ காயப்போடும்போது வண்டி ஏறாமல் இருக்க வைப்பார்களே, அந்த மாதிரி. வைக்கோல்மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேசிக்கொண்டு நடந்து போனார்கள். எதிரே வந்த டிப்பர் வேகத்தைக் குறைத்து, கற்களை விட்டு விலகி, எங்கள் பக்கமாக ஊர்ந்து போனது.

அன்றைக்கு நான் பயமில்லாமல் மூச்சு விட்டது அங்கேதான். இறங்கி நின்று படம் எடுத்தேன்.

வைக்கோலை வாரியலால் ஒதுக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் சுமதி கேட்டாள். "என்னக்கா, அதுக்குள்ள அறுப்பு முடிஞ்சிருச்சா?"

"அறுப்பு மாசியிலயாக்கும் மக்ளே. இது பிள்ளைங்க நடக்கதுக்கு" என்றார் அவர். பெயர் பகவதி, நாற்பது வயது இருக்கும். இன்னும் இரண்டு பெண்கள் கூட இருந்தார்கள். மூவரின் பிள்ளைகளும் அந்த ரோட்டிலேயே இருக்கும் பள்ளியில்தான் படிக்கிறார்கள்.

"மனுசன் நின்னா லாரிக்காரன் ஒதுங்க மாட்டான். வைக்கல் கெடந்தா ஒதுங்குவான், கேட்டியளா. அடியில கல்லு கெடக்கும்னு டயருக்குப் பயம்" என்றார் பகவதி. போன அறுப்புக் காலத்தில்தான் இது அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது. ரோட்டில் வைக்கோல் காய்ந்த நாட்களில் பிள்ளைகள் நிம்மதியாக நடந்தார்கள். வைக்கோல் எடுத்ததும் பழையபடி ஆகிவிட்டது. "ஐப்பசியில என் மவன் பைய லாரிக் கொக்கி மாட்டி இழுத்துட்டுப் போச்சு. பட்டை அறுந்ததுனால பை மட்டும் போச்சு. பிள்ள நின்னான்."

இதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

மனு கொடுக்காமல் இல்லை. வாய்க்கால் கரையில் கைப்பிடிச் சுவர் வைத்து நடைபாதை போட்டுத் தரச் சொல்லி இரண்டு அலுவலகங்களுக்கு எழுதியிருக்கிறார்கள். ரோடு ஒருவர் பொறுப்பாம், கரை இன்னொருவர் பொறுப்பாம். இருவரும் வந்து டேப் பிடித்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதனால் படப்பில் மாட்டுக்கு வைத்திருந்த பழைய வைக்கோலை உருவி, தினமும் காலை எட்டு மணிக்கு விரித்து, ஒன்பதேகாலுக்குக் கல்லோடு எடுத்துவிடுகிறார்கள். நூற்றெண்பது மீட்டருக்கு.

நாங்கள் இன்னும் ஒரு கிலோமீட்டர் உள்ளே போய் ஒரு கடையில் டீயும் பழம்பொரியும் சாப்பிட்டோம், இருவருக்கும் 22 ரூபாய். அந்த ரோடு கல் குவாரியில் போய் முடிகிறது, மலைப்பக்கம் போக மெயின் ரோட்டுக்கே திரும்ப வேண்டும் என்றார் கடைக்காரர். 9.35க்குத் திரும்பினோம். வைக்கோலை எடுத்துவிட்டிருந்தார்கள். வாய்க்கால் இப்போது எங்களுக்கு இடது பக்கம். நான் முன்னால், சுமதி இருபதடி பின்னால். பின்னாலிருந்து ஹாரன். நான் ஓரத்துக்கு ஒதுங்கினேன். லாரி என்னைத் தாண்டும் முன்பே சைக்கிள் விழுகிற சத்தம் கேட்டது.

லாரி முழுதாகக் கடந்த பிறகுதான் திரும்பிப் பார்க்க முடிந்தது. மூன்று நொடி இருக்குமா? அந்த மூன்று நொடியை நான் இப்போதும் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். சுமதி ரோட்டின்மேல் வலது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னும் ஓரடி தள்ளி விழுந்திருந்தால் வாய்க்கால். சைக்கிளின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல் கிடந்தது, நாலு வைக்கோல் இழையோடு. எடுக்காமல் விட்டுப்போன கல்.

சத்தம் கேட்டு ஓடி வந்த பகவதிதான் ஆட்டோ பிடித்தார். சைக்கிள்களை அவர் வீட்டில் போட்டுவிட்டுப் பக்கத்து ஊர் கிளினிக்குக்குப் போனோம். மணிக்கட்டில் விரிசல், நான்கு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் போட்டு முடிப்பதற்குள் சப் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். யார் சொன்னார்களோ தெரியாது. ஏற்கெனவே பகவதியை இரண்டு தடவை எச்சரித்திருக்கிறாராம்.

"நானும் வயக்காட்டுக்காரன்தான் சார். கும்பப்பூ இன்னும் பாலு பிடிக்கல்ல. இவிய எந்த வயல்ல அறுத்த வைக்கலாக்கும் இது? வெளியூர்க்காரன் வேணா நம்புவான்" என்று சிரித்தார். கும்பப்பூ என்பது மாசியில் அறுக்கிற பயிர். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இன்னைக்கு மேடத்துக்குக் கையோட போச்சு. நாளைக்கு பைக்ல வாறவன் தலையடிச்சு விழுந்தா யாரு பதில் சொல்லுகது? ஒரு வரி எழுதிக் குடுங்க, இத நிறுத்திப்போடலாம்" என்றார்.

எழுதினேன். ஒளிப்பானேன்? நல்ல கோபத்தில் இருந்தேன். பிள்ளைகளுக்கு நல்லது செய்கிறேன் என்று கிளம்பி அடுத்தவர் கையை உடைப்பார்களா என்று ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். அடிபட்டவர் கையெழுத்து வேண்டும் என்றார். சுமதியின் வலது கை மாவுக்கட்டில். இடதுகைப் பெருவிரல் ரேகை போதும் என்று மை டப்பாவை நீட்டினார்.

அப்போது பகவதி வாசலில் வந்து நின்றார். கையில் சூடான கட்டன்சாயா. "கல்ல எடுக்காம விட்டது நானாக்கும். அந்தக் கடைசிப் பாகம் என் பொறுப்பு. நாளையிலிருந்து வைக்கல் போடல்ல" என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை, கெஞ்சவும் இல்லை.

"அப்ப பிள்ளைங்க?" என்றாள் சுமதி.

பகவதி சாயாவை என் கையில் கொடுத்தார். சுமதி மை டப்பாவைத் தள்ளி வைத்தாள். "வைக்கோல் இல்லாம அந்த ரோடு எப்படி இருக்குன்னு நாளைக்குக் காலையில பாத்துட்டுச் சொல்றேன் சார்." எனக்கு எரிச்சலாக வந்தது. நான் எழுதிய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இரவு வடசேரி அறைக்கே திரும்பினோம். அவள் தூங்கினாள், நான் தூங்கவில்லை.

புதன் காலை ஆட்டோவில் (250 ரூபாய்) போய் எட்டேகாலுக்கு இறங்கினோம். பகவதி சொன்னபடியே வைக்கோல் இல்லை. அவர் வீட்டிலிருந்து என் சைக்கிளை எடுத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். முந்தின நாள் கூட்டமாக, பேச்சும் சிரிப்புமாகப் போன அதே பிள்ளைகள். இன்றைக்கு ஒற்றை வரிசை. யாரும் பேசவில்லை. ஒருவர்கூடப் பையை முதுகில் மாட்டவில்லை. எல்லாரும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்கள். யார் சொல்லிக் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை.

முதல் லாரி எதிரே வந்தது. வேகம் குறையவில்லை. வரிசை அப்படியே நின்று, வாய்க்கால் பக்கம் திரும்பி, முதுகைக் குறுக்கிக்கொண்டது. "ஏட்டி, அசையாத, அசையாத" என்று பகவதி ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்துக் கத்தினார். லாரி போனது. அந்தப் பெண்ணின் பாவாடை காற்றில் பறந்து டயர் பக்கம் போய்த் திரும்பியது. வரிசை மறுபடியும் நடந்தது.

பள்ளிக்கூடம் இன்னும் நூறு மீட்டருக்குமேல் இருந்தது, அடுத்த லாரி வளைவில் தெரிந்தது. நான் துணிச்சல்காரன் இல்லை என்பது இதுவரை படித்தவர்களுக்குத் தெரியும். யோசித்துச் செய்தேன் என்றும் சொல்ல மாட்டேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பிள்ளைகளுக்கு வெளிப்பக்கமாக, ரோட்டின்மேல், அவர்களோடு நடந்தேன். லாரி ஹாரன் அடித்தது, விளக்கைப் போட்டுப் போட்டுக் காட்டியது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் வந்து நின்றது.

"ஓய், உமக்கு என்ன கிறுக்கா? ஏழு நடை அடிக்கணும் எனக்கு!" என்று ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

நிறையப் பேச நினைத்தேன். "பிள்ளைங்க போறாங்க" என்பது மட்டும்தான் வாயில் வந்தது. அவர் என்னென்னவோ திட்டினார். ஆனால் திட்டி முடிக்கிற வரை வண்டி நின்றது, அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. பின்னால் வந்த இரண்டு லாரிகளும் நின்று ஹாரன் அடித்தன. பார்த்தால் எனக்குப் பின்னால் பகவதியும் மற்ற இரண்டு பெண்களும் அதேபோல வெளிப்பக்கம் நடந்து வந்தார்கள். மாவுக்கட்டுக் கையோடு கடைசியில் சுமதி.

பள்ளிக்கூட வாசலில் நான் உட்கார்ந்துவிட்டேன். பகவதி தண்ணீர் கொடுத்தார். "வெப்ராளப்படாதிய அண்ணாச்சி. எங்களுக்கும் இப்பிடித்தான் நெஞ்சு அடிக்கும். இனி நாங்களே நடந்துக்கிடுகோம். கல்லுன்னா மறந்து விட்டுட்டுப் போவேன், என்னைய நான் விட்டுட்டுப் போவேனா?" என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. கல்லுக்குப் பதில் மூன்று தாய்மார்கள், அவ்வளவுதானே வித்தியாசம்?

பத்து மணிக்கு சப் இன்ஸ்பெக்டரிடம் போனோம். "கல், லாரி, ஓரமே இல்லாத ரோடு. மூணையும் எழுதினா வாங்கிப்பீங்களா?" என்று சுமதி கேட்டாள். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார். "எழுதுங்கம்மா" என்றார். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், ரேகை வைத்தாள். முந்தின நாள் தாளை நான் கொடுக்கவில்லை. சுமதி ரேகை வைத்த தாளின் நகலோடு பகவதி அடுத்த திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாளுக்குப் போய் ரசீது வாங்கி வந்திருக்கிறார். இதை எழுதுகிற வரை அளக்க இன்னும் யாரும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் காலை எட்டரைக்கு எனக்கு இங்கே மதுரையில் அந்த வரிசை கண்ணில் தெரிகிறது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சைக்கிளை ரயிலில் ஏற்ற ஒரு மணி நேரம் முன்னால் பார்சல் அலுவலகம் போய்விடுங்கள். பச்சை வயல் பார்க்கத் தை, அறுப்புப் பார்க்க மாசி. அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை. ஹெல்மெட், கையுறை இரண்டும் அவசியம்; கையுறை இருந்ததால்தான் சுமதியின் உள்ளங்கை தப்பியது. ரோட்டில் வைக்கோல் கண்டால் வேகத்தைக் குறையுங்கள், எடுத்த பிறகும் குறையுங்கள்.

அந்த ஊர் எது என்று கேட்டால் தனி மடலில் சொல்கிறேன். ஆனால் வாய்க்கால் ஓரத்தில் பள்ளிக்கூடம் இருக்கிற ரோடு அங்கே அது ஒன்று மட்டும் இல்லை. எந்த ரோட்டில் போனாலும் காலை எட்டேகாலிலிருந்து ஒன்பதுக்குள் போகிற மாதிரி கிளம்புங்கள். பிள்ளைகளைக் கண்டதும் இறங்கி, சைக்கிளை அவர்களுக்கு வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு, அவர்கள் நடக்கிற வேகத்தில் நடங்கள். ஹாரன் அடிப்பார்கள், திட்டுவார்கள், உங்களுக்குப் பயமாகவும் இருக்கும். பரவாயில்லை. பிள்ளைகளிடம் பையை முதுகில் மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.