செகண்ட் ஹேண்ட் கார்டு

இது நடந்தது. எனக்கே நடந்தது. கேட்டவர்கள் எல்லோரும் "தூக்கக் கலக்கத்துல எதையோ பாத்திருப்ப" என்று முடித்துவிட்டார்கள். பல வருஷமாக நைட் ஷிஃப்ட் பார்க்கிறவன் நான். தூக்கக் கலக்கம் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். இது அது இல்லை.

என் பெயர் டுவெய்ன். அமெரிக்காவில் ஈரி நகரத்தில் ஒரு கோல்டு ஸ்டோரேஜ் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். ராத்திரி முழுக்க உறைந்த கோழிப் பெட்டிகள். விடிந்தால் வீடு. பகலில் தூங்க வேண்டுமே என்று ஜன்னலில் ஒரு தடிமனான போர்வையை ஆணியடித்து வைத்திருக்கிறேன். வெளியே வெயிலோ பனியோ, என் அறை எப்போதும் இருட்டுதான்.

என் மகள் மார்னிக்கு ஒன்பது வயது. அவள் அம்மா ரெனேயுடன் டூசானில் இருக்கிறாள். நாட்டின் மறுகோடி. போனில் பேசினால் அவளுக்குப் பேச்சே வராது. "ஸ்கூல் எப்படி?" "நல்லாருக்கு." "சாப்டியா?" "ம்." அவ்வளவுதான். ஆனால் சனிக்கிழமை காலையில் நாங்கள் இருவரும் கம்ப்யூட்டரில் ஒரு கேம் விளையாடுவோம். ஒரு தீவு. மரம் வெட்டி, கல் சுமந்து, வீடு கட்ட வேண்டும். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு சுவர் எழுப்ப ஆரம்பித்துவிட்டால் அவள் வாய் ஓயாது. விழுந்த பல், பக்கத்து வீட்டு நாய், டீச்சருக்கு வந்த கோபம், எல்லாம் வரும். வாரத்தில் நான் அப்பாவாக இருந்தது அந்த நேரம் மட்டும்தான்.

அந்த கேமுக்குப் புது அப்டேட் வந்தது. என் கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது.

அது ஒரு கிழடு. ஒரு காலத்தில் எல்லா கேமையும் அலட்சியமாக ஓட்டியது. அதில் திரைக்குப் படம் அனுப்புகிற கிராஃபிக்ஸ் கார்டு செத்து ரொம்ப நாளாகிறது. மதர்போர்டிலேயே இருக்கிற சின்ன வசதியை வைத்துக்கொண்டு ஒப்பேற்றி வந்தேன். இப்போது அதுவும் போதவில்லை. படம் விட்டு விட்டு வந்தது.

"அப்பா, உங்க ஆளு சுவத்துக்குள்ள மாட்டிக்கிட்டாரு."

"தெரியும்மா."

"அப்பா... மறுபடியும் காணாமப் போயிட்டீங்க."

"இரு, வரேன்."

"பரவாயில்லப்பா. நான் தனியாவே கட்டிக்கிறேன்."

அந்தப் 'பரவாயில்ல' என்னைக் கொன்றுவிட்டது. ஒன்பது வயதுப் பிள்ளை எனக்கு ஆறுதல் சொல்கிறது. இன்னும் இரண்டு வாரம் இப்படிப் போனால் வேறு துணை தேடிக்கொள்வாள். அதற்கப்புறம் எனக்கு அந்த "ம்" மட்டும்தான் மிஞ்சும்.

கிடங்கில் என்கூட வேலை பார்க்கும் லோவலுக்கு கம்ப்யூட்டர் விஷயம் அத்துப்படி. அவனிடம் கேட்டேன்.

"புதுசே வாங்கிடு மாப்ள."

"கார்ல பிரேக்கே இல்லாம ஓட்டிட்டு வரேன். புதுசாம்."

"அப்ப கார்டை மட்டும் மாத்து. பழசா பாத்து வாங்கு. வேற எதையும் தொடாத, அந்தக் கிழவி தாங்க மாட்டா."

பிரேக்குக்கு வைத்திருந்த பணத்தைத்தான் எடுத்தேன். இணையத்தில் ஒரு விளம்பரம். நல்ல கார்டு, பாதிக்கும் குறைந்த விலை. ஒரு மளிகைக் கடையின் பார்க்கிங்கில் சந்திப்பதாகப் பேச்சு. பழைய சாமான் வாங்குகிற எல்லோரும் அப்படித்தான் செய்வோம். பனி கொட்டிக்கொண்டிருந்தது. வந்தது ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. காரின் இன்ஜினை நிறுத்தவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினாள். கார்டு ஒரு சின்னக் குழந்தையின் தலையணை உறைக்குள் இருந்தது.

"கூட விளையாட ஆள் இருக்கா?" என்று கேட்டாள்.

"என் பொண்ணு."

"தூரத்துல இருக்காளா?"

"ஆமா... உங்களுக்கு எப்படி..."

அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். பணத்தை எண்ணக்கூட இல்லை.

சனிக்கிழமை விடிகாலை ஷிஃப்ட் முடிந்து வந்த கையோடு கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தேன். தூசி மூக்கில் ஏறியது. கண் சொக்கியது. கார்டைப் பொருத்தினேன், மூடினேன், வயர்களை எல்லாம் திரும்பச் செருகினேன், சுவிட்சைப் போட்டேன். ஓடியது. தீவு பளபளவென்று வந்தது. கடலில் அலைகூடத் தெரிந்தது.

"அப்பா! நீங்க இப்ப தடுக்கியே விழல!"

ரொம்ப நாளைக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

முதல் வாரம் ஒன்றும் கவனிக்கவில்லை. இரண்டாவது வாரம் ஒரு காலை வீட்டுக்கு வந்தபோது கம்ப்யூட்டர் பெட்டி சூடாக இருந்தது. முந்தின நாளே அணைத்துவிட்டுப் போயிருந்தேன். கையை வைத்துப் பார்த்தேன். இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போலிருந்தது. ஹீட்டர் பக்கத்தில் இருப்பதால் என்று நினைத்துக்கொண்டேன். யோசிக்கத் தெம்பில்லை, படுத்துவிட்டேன்.

அந்த சனிக்கிழமை தீவுக்குள் போனால், நாங்கள் பாதியில் விட்ட மாடி முழுதாக நிற்கிறது. மார்னிதான் கட்டியிருக்கிறாள் என்று நினைத்தேன்.

"சூப்பரா கட்டியிருக்கம்மா."

அவள் சிரித்தாள். "ஐயோ அப்பா... நீங்கதானே கட்டினீங்க!"

கிண்டல் செய்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை. அந்த வாரம் இரண்டு பேர் லீவு, அவர்கள் வேலையும் என் தலையில். காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். ஒன்பதேகால் வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன்.

விழித்தபோது ஒன்பது ஐம்பது.

ஹெட்செட் கழுத்தில் கிடந்தது. அதிலிருந்து மார்னியின் குரல் மெலிதாக வந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம்?" என்றாள்.

அமைதி...

"ஹா ஹா! அப்புறம் என்னாச்சு?"

அமைதி...

"அய்யய்யோ! நிஜமாவா?"

யாரோ அவளுக்குக் கதை சொல்கிறார்கள். அது எனக்குக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்கிறது.

திரையைப் பார்த்தேன். என் ஆள் நடந்துகொண்டிருந்தான். மார்னியின் ஆளுக்குப் பக்கத்தில், கடற்கரை ஓரமாக. என் பெயருக்கு அருகே பச்சைப் புள்ளி மின்னியது. நான் பேசினால் மட்டும் எரியும் புள்ளி அது.

என் இரண்டு கையும் மடியில் இருந்தன.

பெட்டிக்குள் ஃபேன் சத்தம். ர்ர்ர்ர்...

"மார்னி?" என்றேன்.

திரையில் என் ஆள் நின்றான். மெதுவாகத் திரும்பினான்.

என்னைப் பார்த்தான்.

"அப்பா..." மார்னியின் குரல் இறங்கியிருந்தது. "ஏன் ரெண்டு குரல் வருது?"

பாய்ந்து மின்சார வயரைப் பிடுங்கினேன்.

திரை அணைந்தது.

ஃபேன் நிற்கவில்லை.

ர்ர்ர்ர்...

ர்ர்...

டிக்.

வெகுநேரம் சுவரோடு ஒட்டி நின்றேன். அப்புறம் ரெனேயின் போனுக்கு அழைத்தேன். மார்னி எடுத்தாள். நான் தூங்கிவிட்டேன், பேசியது நான் இல்லை என்றேன். "சும்மா விளையாடாதீங்கப்பா" என்று வைத்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. பயமா, அசதியா, தெரியவில்லை.

திங்கட்கிழமை மதியம் லோவலைக் கூட்டி வந்தேன். முதலில் இணைய வயரைப் பிடுங்கினான். பெட்டியைத் திருப்பினான். பின்பக்கம் பார்த்தவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"டேய் மாப்ள! மானிட்டர் வயரை எங்கடா செருகியிருக்க?"

கார்டு போட்டால் மானிட்டர் வயரைக் கார்டில் செருக வேண்டும். நான் வழக்கம்போல் மதர்போர்டின் பழைய ஓட்டையிலேயே செருகியிருந்தேன். கம்ப்யூட்டர் பிரிக்கிற எவனும் ஒரு தடவையாவது செய்கிற தப்பு இது.

"இந்த கார்டு உனக்கு ஒரு படம்கூட அனுப்பலடா. காசு தண்டம். பழைய போர்டுதான் இவ்வளவு நாளும்..."

சிரிப்பு பாதியில் நின்றது.

"...இல்லையே. அந்தப் போர்டுல இந்த கேம் ஓடாதே."

பெட்டியைத் திறந்து கார்டைத் தொட்டான். சட்டென்று கையை எடுத்தான்.

"சுடுது மாப்ள. இது ஏதோ வேலை பாத்துட்டு இருக்கு."

"யாருக்கு?" என்றேன்.

அவன் மின்சார வயரைச் செருகினான். சுவிட்சைப் போட்டான். மானிட்டர் வயரைக் கழற்றி, கார்டில் செருகினான்.

படம் வந்தது.

நாங்கள் கேமைத் திறக்கவே இல்லை. இணைய வயர் தரையில் கிடந்தது.

தீவு. இரவு. மார்னியின் வீடு. அவள் அறைக்குள்.

அங்கே அவளுடைய ஆள் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. விளையாடாத நேரத்தில் அப்படித்தான் படுத்திருக்கும். யாரோ கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, குனிந்து, அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கண்கள் வழியாகத்தான் எங்களுக்குப் படம் தெரிந்தது.

கீழே பச்சைப் புள்ளி.

மின்னியது. நின்றது. மின்னியது.

லோவல் வயர்களைப் பிடுங்கினான். கார்டை உருவினான். வெளியே பார்க்கிங்குக்கு எடுத்துப் போய், காரிலிருந்த சுத்தியலால் அடித்தான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பச்சைச் சில்லுகள் பனியில் சிதறின. எல்லாவற்றையும் பொறுக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டோம்.

"பிரேக்கை மாத்துடா" என்றான் லோவல்.

இனி அந்தக் கிழட்டுப் பெட்டியில் கேம் ஓடாது. அதன் வயர்களைச் சுற்றி அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டேன். மார்னியிடம் எப்படிச் சொல்வது என்று வாரம் முழுக்கக் கோழிப் பெட்டிகளுக்கு நடுவே யோசித்தேன். போனிலேயே பேசிப் பழகிக்கொள்ளலாம், அவளுக்கும் பழகிவிடும் என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை காலை வந்து படுத்தவன், மதியம் இரண்டு மணிக்கு எழுந்து போன் செய்தேன்.

ரெனே எடுத்தாள்.

"என்ன டுவெய்ன், போன்லயும் பேசணுமா? இப்பதானே அவளோட விளையாடி முடிச்ச?"

அலமாரிக்கு மேலே பார்த்தேன். பெட்டி அங்கேதான் இருந்தது, வயர்கள் சுற்றியபடி.

"பரவாயில்ல, இந்தத் தடவை நீ தூங்கல போல. காலைலேர்ந்து ஒரே சிரிப்புச் சத்தம். இரு, அவகிட்ட குடுக்கறேன்."

போன் கை மாறுவது கேட்டது. அப்புறம் மூச்சுச் சத்தம் மட்டும்.

"மார்னி... நான் அப்பாம்மா."

மூச்சுச் சத்தம் நின்றது.

"மார்னி?"

அவள் ரொம்ப மெதுவாகப் பேசினாள். பயந்திருந்தாள். என் குரலைக் கேட்டுப் பயந்திருந்தாள்.

"எங்க அப்பா சொல்லியிருக்காரு... போன்ல ஒருத்தர் அப்பான்னு சொல்லிக் கூப்பிடுவாரு, அவர்கிட்ட பேசாதன்னு."

டக். போனை வைத்துவிட்டாள்.