வண்டிக்கு அடியில் படுத்து எழுதியவர்

இந்த மாதத்துப் ‘பழைய வண்டி’ப் பக்கத்துக்குப் படங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது தேவாரம் ஊரிலிருந்து மெக்கானிக் ஈஸ்வரன் போனில் பேசினார். “அண்ணே, சுருளிவேல் அண்ணன் போயிட்டாக. காலையில வண்டியத் தொடச்சிக்கிட்டு இருந்தாக. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாக. அம்புட்டுத்தேன்.” சுருளிவேல் அண்ணனின் கருத்து மட்டும் இன்னும் வந்து சேரவில்லையே என்று அதுவரை அரை மணி நேரமாக எனக்கு அவர்மேல் எரிச்சலாக இருந்தது. ஏழு வருடத்தில் ஒருமுறைகூடத் தாமதிக்காத மனிதர். அந்த எரிச்சலை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

இந்த இதழைப் படிப்பவர்கள் அவரை அறிவார்கள். புதியவர்களுக்காகச் சொல்கிறேன். மாதம் ஒரு பழைய வண்டியைப் பற்றி எழுதுகிறோம். அதே வண்டியை வைத்திருப்பவர்கள் ஒரு படமும் தங்கள் கருத்தும் அனுப்ப வேண்டும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் பள்ளத்தாக்கில் வண்டி வைத்திருக்கும் எவரும் படமெடுக்கும்போது வண்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார். அவருடைய இடுப்புக்கு இருபுறமும் கொஞ்சம் வண்டி தெரியும். கருத்து என்று வருவது பெரும்பாலும் ‘குறையே இல்லை’ என்பதுதான். தேவதானப்பட்டி அன்பர் ஒருவர் மூன்று வருடமாகத் தன் வேனை ‘எங்கள் வீட்டுத் தெய்வம்’ என்று எழுதிவந்தார். நேரில் போய்ப் பார்த்தேன். தெய்வத்துக்கு எஞ்சின் இல்லை. கழற்றி விற்று வெகுநாள் ஆகியிருந்தது.

இந்தச் சூழலில்தான் சுருளிவேல் அண்ணனின் முதல் படம் வந்தது. போடிமெட்டு மலைப்பாதை வழியாக ஏலத்தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிச் செல்லும் பழைய டீசல் ஜீப் அவருடையது. படத்தில் இருந்தது ஒரு இரும்புச் சட்டம், கொஞ்சம் சேறு, கொஞ்சம் எண்ணெய். நான் அவரை அழைத்தேன். “அண்ணே, போன் கைதவறிக் கீழே விழுந்துருச்சா?” என்றேன்.

“இல்ல தம்பி. நாந்தேன் கீழ படுத்தேன்.”

“வண்டியோட முகம் தெரியிற மாதிரி ஒண்ணு அனுப்புங்களேன்.”

“மேல இருக்கது பெயிண்டு தம்பி. கீழ இருக்கதுதேன் வண்டி.”

அன்றிலிருந்து மாதந்தவறாமல் அவர் அடியிலிருந்தே எழுதினார். அவரிடம் இல்லாத வண்டி என்றால், வைத்திருப்பவரிடம் கேட்டு அதற்கும் கீழே படுத்தார். யாரையும் புகழும் வழக்கம் அவருக்கு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நல்லதாக ஒரு வரி வேண்டும் என்று நான் கெஞ்சிய மாதம், நீண்ட யோசனைக்குப் பிறகு, “ஹாரன் நல்லாருக்கு” என்று சேர்த்தார்.

அவரை நான் முழுதாக அறிந்தது ஒரு பிரேக் குழாய் விஷயத்தில். அவருடைய ரக ஜீப் மறுபடி பக்கத்துக்கு வந்த மாதம், பின் அச்சின் மேல் ஓடும் குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புக்கு அடியில் ஈரம் தங்கித் துரு ஏறுகிறது என்று எழுதி, ‘கிளிப்பைக் கழற்றிப் பார்க்காமல் ஆள் ஏற்றி மலையேறாதீர்கள்’ என்று முடித்திருந்தார். எழுதியதை டீக்கடையில் சொல்லியும் விட்டார். மறுநாள் அதே ஜீப் வைத்திருக்கும் மூன்று பேர் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். முன்னால் நின்றவர் சுருளிப்பட்டி பரமன்.

“ஏண்ணே, ஒருத்தர் வண்டில துருன்னா ஊரு வண்டியெல்லாம் துருவா? நாளைக்கு நான் விக்கப் போனா எவன் வாங்குவான்?” என்றார் பரமன். உடன் வந்தவர் மேலும் வலுவாக வாதாடினார். “அந்தாளு பொண்டாட்டி வச்ச கொழம்பையே நல்லாருக்குன்னு சொன்னதில்லண்ணே. அந்தாளு சொல்றதப் போயி அச்சடிப்பீகளா?”

மூவரும் சந்தாதாரர்கள். நான் அண்ணனின் வரியை எடுத்துவிட்டு, ‘பிரேக் குழாயை அவ்வப்போது கவனிப்பது நலம்’ என்று போட்டேன். அந்த ‘நலம்’ என்ற சொல்லில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இதழ் வெளிவந்த மறுநாள் காலையில் சுருளிவேல் அண்ணன் பஸ் பிடித்துத் தேனியில் என் அலுவலகத்துக்கு வந்தார். காகிதத்தில் சுற்றிய ஒரு குழாய்த் துண்டை மேஜைமேல் வைத்து, எடுத்துப் பார்க்கச் சொன்னார். எடுத்தேன். நடுவில் இரண்டாக முறிந்து என் விரல்களில் செம்பொடி ஒட்டியது.

“கிளிப்புக்கு வெளியில பாருங்க, புதுசு கணக்கா இருக்கு. நீங்க போட்டுருக்க வரியும் அப்பிடித்தேன் இருக்கு” என்றார். குரலை உயர்த்தவில்லை. “எழுதுறதுக்கு முன்னாடிதேன், மெட்டுல எறங்கயில பெடல் தரையோட போயிருச்சு தம்பி. பின்னாடி பதினாலு பொம்பளைக. மண்மேட்டுல ஒராசி நிப்பாட்டுனேன். டீக்கு நிப்பாட்டுறேன்னு நெனச்சு எறங்குனாக. அவுககிட்ட நான் இன்னும் சொல்லல.”

அடுத்த இதழில் அவர் வரியை அப்படியே, என் மன்னிப்போடு, பக்கத்தின் உச்சியில் போட்டேன். பரமன் சந்தாவை நிறுத்தினார். அண்ணனின் ஜீப்பை விலை பேச கேரளப் பக்கம் நெடுங்கண்டத்திலிருந்து ஒருவர் வந்தார். “சேட்டா, எழுதினதெல்லாம் உள்ளதுதானோ?” என்று கேட்டவரிடம், “பின்ன? படுத்துப் பாருங்க” என்று இவரே பழைய சாக்கை விரித்துக் கொடுத்திருக்கிறார். வந்தவர் படுத்துப் பார்த்தார். எழுந்து, வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஈஸ்வரன் பேசினார். “பரமன் வண்டி வந்துச்சுண்ணே. கிளிப்பக் கழட்டுனேன், கொழாய் கையோட வந்துருச்சு. யாருட்டயும் சொல்லாதன்னாரு. அதேன் உங்ககிட்ட மட்டும் சொல்றேன்.” சுருளிவேல் அண்ணனிடமும் ஈஸ்வரன் ‘உங்ககிட்ட மட்டும்’ என்றுதான் சொல்லியிருந்தார். அண்ணனிடம் நான் அந்தப் பேச்சை எடுத்தபோது, “மாத்திட்டான்ல? விடுங்க” என்றார். அதற்குப் பிறகு பரமனைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் வந்ததில்லை. மற்ற எல்லாவற்றையும் பற்றி வந்துகொண்டுதான் இருந்தது.

தேவாரத்தில் துட்டி கேட்கப் போனபோது தெரு முனைவரை ஜீப்புகள் நின்றன. ஒன்றிலிருந்து தோட்டத்துப் பெண்கள் இறங்கி அழுதபடி வீட்டுக்குள் போனார்கள். ஓட்டிவந்தவர் பரமன். இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். நான் அருகில் போனதும் என்னைப் பார்க்காமல் பேசினார்.

“என் வண்டிலயும் இருந்துச்சுண்ணே. ஒரு வாரம் தள்ளிப் பாத்திருந்தேன்னா இவுக எல்லாரும்…” வீட்டு வாசலைப் பார்த்தார். “அண்ணங்கிட்ட நான் சொல்லவே இல்ல. எதுக்க பாத்தாலும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிருவேன். எழுதிக்கங்க. பேரப் போட்டே எழுதுங்க.”

நானே எழுதினால் நன்றாக இராது, நீங்களே எழுதிக் கொடுங்கள் என்றேன். பெண்கள் திரும்பி வரும்வரை ஜீப்பில் உட்கார்ந்து, ஒரு பழைய ரசீதின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தார்.

சுருளிவேல் அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். ஒரு வரியில் எந்தச் சொல்லை எடுத்தால் எல்லோருக்கும் நிம்மதியோ, அதை எடுக்காமல் விடுவது. எனக்கு இது எளிதில் வராது. கை போகத்தான் செய்கிறது. பரமன் எழுதித் தந்தது இந்தப் பக்கத்தின் வலதுபுறம் இருக்கிறது. நாலு வரி. நாலாவது வரியில் அவர் தன்னைத் தானே திட்டிக்கொள்கிறார். அச்சில் ஏற்றக் கூசும் சொல். அது அப்படியே இருக்கிறது.