பச்சை மக்

எங்கள் குளியலறை ஆணியில் ஒரு பச்சை பிளாஸ்டிக் மக் தொங்குகிறது. அதில் குளிக்க நான் யாரையும் விடுவதில்லை. மாடியில் குடியிருந்த ஆராய்ச்சி மாணவி வீட்டைக் காலி செய்தபோது விட்டுப்போனது. மறந்துவிட்டாள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

அவள் எங்கள் ஊருக்குத் தேடி வந்தது ஒரு தவளையை. வருடம் முழுக்க மண்ணுக்குள் கிடந்து, முதல் பெருமழைக்கு மட்டும் ஏரிக்கரையில் முட்டையிட மேலே வரும் இனம். இந்தப் பக்கம் அது அற்றுப்போய்விட்டது என்றுதான் எல்லோரும் சொன்னார்களாம். வேறு ஊரில் பதிவு செய்த அதன் குரலை எனக்கு போனில் போட்டுக் காட்டுவாள். அது தண்ணீர் குடிப்பதும் பாதி மூச்சு விடுவதும் தோல் வழியாகத்தான் என்று சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆம்பூரில் தோல் கம்பெனியில் சுண்ணாம்பும் கெமிக்கலும் அளைகிறவள் நான். தோல் என்றால் எனக்கு நாற்றமும் கூலியும்தான்.

"சிரிக்காதீங்கக்கா. உங்க கையில இருக்கிறதெல்லாம் அதுக்குள்ள போய்டும். சோப்பும் கூடாது. வெறும் தண்ணியில நல்லா கழுவிட்டுத்தான் தொடணும்" என்பாள். அதற்காகவே அந்த மக்கைப் பையில் வைத்திருப்பாள்.

இரண்டு மழைக்காலம் நானும் அவளுமாக ஏரியைச் சுற்றியும் ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாவது மழையில், ஷிப்ட் முடிந்து நான் நேராக ஏரிக்குப் போன ஒரு சாயங்காலம், வண்டிப் பாதையின் நடுவே அது உட்கார்ந்திருந்தது. வயிறு நிறைய முட்டை. எதிரே டிராக்டர் வந்துகொண்டிருந்தது. சட்டென்று அள்ளி எடுத்துவிட்டேன். ஓடி வந்தவள் தவளையைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள்.

"அக்கா, கை கழுவுனீங்களா?"

"கம்பெனியிலயே கழுவிட்டேன் கண்ணு" என்றேன். புடவையில் துடைத்ததோடு சரி. தவளையை ஏரிக்கரையில் கொண்டுபோய் விட்டோம்.

மறுநாள் காலையில் அது கரையோரம் மல்லாந்து கிடந்தது, முட்டையோடு. அவள் அழுதுகொண்டே நோட்டில் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதினாள். ஏரித் தண்ணீராகவும் இருக்கலாம்தான். ஆனால் அதுவே கடைசி என்றால்? சோறு பிசையும்போதெல்லாம் என் கையைப் பார்த்தே பயந்தேன். அவள் வேலை கிடைத்து ஊரை விட்டுப் போன பிறகும் அந்தப் பயம் போகவில்லை.

மழை பிடித்தால் அவளிடமிருந்து போன் வரும். "சத்தம் கேக்குதாக்கா?" இல்லை என்பேன். போன வாரம் கேட்டது. ஏரிப் பக்கமிருந்து ஒரே ஒரு குரல், விட்டு விட்டு. ஜன்னல் வழியாக போனை நீட்டிப் பிடித்தேன். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை.

"கண்ணு, அன்னிக்கு நான் கை கழுவல."

"தெரியும்க்கா. அதனாலதான் மக்க உங்ககிட்ட விட்டுட்டு வந்தேன். கையக் கழுவிட்டு ஏரிக்குப் போய்ப் பாருங்க."

மக்கில் தண்ணீர் மொண்டு கையைக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன். எத்தனை முறை கழுவினால் போதும் என்று அவளிடம் கேட்க எனக்குப் பயமாக இருந்தது.