முன்னூறு பார்

நான் குடிக்கிறவன் இல்லை. சாமி, பேய் என்று ஆடுகிறவனும் இல்லை. செம்பூரில் பதினெட்டு வருஷமாக டீசல் பம்ப் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். இது நடந்தது போன ஆகஸ்டில், பட்டப்பகலில். நம்பாதவர்கள் நம்பாமலே போங்கள்.

லாரி எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் மூக்குக்கு நாசில் என்று பேர். கம்பெனி வைத்துத் தரும் அழுத்தம் 220 பார். உள்ளே மெல்லிய வாஷர் வளையம் போட்டு அதை ஏற்றினால், காசாரா மலையில் வண்டி கூடுதல் பாரம் இழுக்கும். அதுதான் என் பிழைப்பு. ஏற்றிய நாசிலை டெஸ்டரில் மாட்டி, லீவரைக் கையால் அழுத்தி, டீசல் பூவாகச் சிதறுகிறதா என்று ஒரு பேப்பரைக் காட்டிப் பார்ப்போம். கையைக் காட்டவே கூடாது. டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இது தெரிந்தேதான் அதைச் செய்தேன். அந்த வியாழக்கிழமை என் மெக்கானிக் பிச்சையா பேப்பர் தேடிக்கொண்டு நின்றான். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஏல, ஜல்தி கைய நீட்டுல. தங்கத்துலயா செஞ்சிருக்கு?"

நீட்டினான். நான் லீவரை அழுத்தினேன். முன்னூறு பார்.

உள்ளங்கையில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி. அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை கை இட்லியாக உப்பிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போக லீவு கேட்டான்.

"ஊசி குத்துனதுக்கு லீவால? அஞ்சு வண்டி நிக்கு."

ஒற்றைக் கையால் சாயங்காலம் வரை வேலை பார்த்தான். சனிக்கிழமை காலையில் அவன் பெண்டாட்டி முத்துமாரி அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். கடையில் நான் மட்டும்.

மத்தியானம் 3:12. அடுத்த நாசிலை மாட்டி லீவரை அழுத்தினேன். கிர்ர்ர்... டக்.

பேப்பர் நனைந்தது. நடுவில் மட்டும் காய்ந்து கிடந்தது. அடைப்பு என்று நினைத்துக் கழற்றித் துடைத்தேன்.

3:16. புதுப் பேப்பர். டக்.

காய்ந்த இடம் பெரிதாகியிருந்தது. அதிலிருந்து மேலே நாலு கோடு. பக்கவாட்டில் ஒன்று...

கை.

நாசிலுக்கும் பேப்பருக்கும் நடுவில் ஒரு கை நின்றால் எப்படி மறைக்குமோ, அப்படி. சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. பிச்சையாவின் சுண்டுவிரலைப் பாதி எப்போதோ ஃபேன் பெல்ட் தின்றிருந்தது.

லீவரை விட்டுவிட்டேன்.

அது தானே இறங்கியது.

டக்.

பயந்தேன். ஷட்டரை இழுத்துப் பூட்டினேன். 3:21.

எதிர் டீக்கடையில் உட்கார்ந்தேன். ஒரு டீ வாங்கினேன். 5:05க்கு முத்துமாரி போன் செய்தாள்.

"அண்ணாச்சி... கைய வெட்டி எடுத்துட்டாவ. மூணு பத்துக்கு."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"அவியளுக்கு இப்பதான் மயக்கம் தெளிஞ்சுது. இல்லாத கைய டீசல் குத்துதுன்னு துடிக்காவ. லீவர நிப்பாட்டச் சொல்லுன்னு கெஞ்சுதாவ... நிப்பாட்டுங்க அண்ணாச்சி!"

சாவி என் சட்டைப் பையில். ரோட்டைத் தாண்டிப் போய் ஷட்டரில் காதை வைத்தேன். இன்னொரு காதில் போன்.

உள்ளே... டக்.

போனில் பிச்சையா அலறினான்.

டக்.

மறுபடி அலறினான்.